வெளிநாட்டுத் தொழிற்கல்வியும் நம் கடமையும்



பொருள் வசதியற்ற குடும்பத்தில் பிறந்து, பல இன்னல்களுக்கிடையே பொறியியல் கற்றுத் தேறி, அத்துறையில் மேலும் உயர வேண்டும் என்ற ஆர்வத்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடமும் பெற்றுவிட்ட ஒரு மாணவன், அங்கே போய்ச் சேர்வதற்கு வேண்டிய பணத்துக்காகப் பிறருடைய உதவியை நாடி நிற்கும்போது, அவனும் நாமும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இதை யாரோ ஒரு வீட்டாரின் சொந்தக் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிக் கூலியை நம்பியிருக்கும் வீடுகளிலும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் தைத்தும் மடித்தும் அடுக்கியும் நாளெல்லாம் உழைக்கும் தாய்மார்களின் வீடுகளிலும், கணபதி, பீளமேடு பக்கத்துப் பவுண்டரிகளிலும் லேத் பட்டறைகளிலும் வேலை செய்வோரின் வீடுகளிலும், காங்கயம், தாராபுரம் பக்கத்தில் வானம் பார்த்த பூமியை உழுது காலம் தள்ளுவோரின் வீடுகளிலும் இன்று பொறியியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுள் சிலருக்கு ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ அனுமதிக் கடிதம் வருகிறது. கடிதம் வந்த அன்று வீட்டில் உண்டாகும் ஆனந்தம், மறுநாள் பணக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தவுடன் கலக்கமாக மாறிவிடுகிறது.

இந்தக் குடும்பங்கள் சோம்பியிருந்து ஏழையானவை அல்ல. நொய்யல் நதியைக் காப்பதற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோதும் (அந்த உத்தரவு அவசியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை), 2020-இல் ஊரடங்கால் தறிகளும் தையல் இயந்திரங்களும் ஒருங்கே ஓய்ந்தபோதும், நூல் விலை ஏறிக் கூலி ஏறாத மாதங்களிலும், உழைக்க உடலும் மனமும் இருந்தும் வேலையின்றிப் பொழுதைக் கழித்தவர்கள் அவர்கள். அத்தகைய காலங்களில், பிள்ளையின் மேற்படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணத்தில் கைவைக்க நேர்ந்த பெற்றோர் எத்தனையோ பேர். ஆதலால், நம்மிடம் உதவி கேட்டு வருகிற மாணவனைப் பார்க்கும்போது, வறுமையையும் அதை வென்ற முயற்சியையும் ஒருசேரப் பார்க்கிறோம் என்ற நினைவு நமக்கு வேண்டும்.

நம் கொங்கு நாட்டுக்குக் கல்வித் தருமம் புதிதன்று. பீளமேட்டில் பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்களும், தங்கள் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட காலத்தில் தருமத்தை ஐந்தாவது சகோதரனாகப் பாவித்து அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கி, 1926-இல் 2,01,000 ரூபாய் மூலதனத்தில் நிறுவிய அறநிலையம் இன்று எத்தனை கிளைகளாக வளர்ந்திருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. திருப்பூரில் செல்வக் குடும்பத்தில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் தம் பொருளையும் ஆயுளையும் பெரியநாயக்கன்பாளையத்து ஸ்ரீ ராமகிருஷ்ண வித்யாலயத்துக்கு அர்ப்பணித்தார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி. டி. நாயுடு அவர்கள், அந்நாளைய கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் 1945-இல் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்றுவதற்குக் காரணமாக நின்றார்கள். அவற்றுள் ஒன்றே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடி என்ற சிற்றூரில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அந்த அரசினர் கல்லூரியில் இளநிலைப் பட்டமும், மேற்சொன்ன அறநிலையத்தின் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் முதுநிலைப் பட்டமும் பெற்று, சந்திரனுக்கு இந்தியா அனுப்பிய முதல் விண்கலத்தின் திட்ட இயக்குநராக உயர்ந்தார் என்றால், முன்னோர் செய்த தருமம் எவ்வளவு தூரம் சென்று பலன் தந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

இந்த மகான்கள் கல்லூரியை மாணவனுடைய ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஊரை விட்டுப் போக வசதியில்லாத ஏழைக்கு அதுவே மிகப் பெரிய உபகாரமாக அமைந்தது. ஆனால் இன்று குறைகடத்திச் சில்லு வடிவமைப்பிலும், மின்கல வேதியியலிலும், இயந்திர மனிதவியலிலும் நடைபெறும் உயர்ந்த ஆராய்ச்சிகளுள் பல வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில்தான் நடக்கின்றன. அவற்றைக் கட்டி எழுப்பிக் கோயமுத்தூருக்குக் கொண்டுவருவது எளிதன்று. மாணவனைத்தான் நாம் அங்கே அனுப்ப வேண்டியிருக்கிறது. கட்டடத்துக்குத் தாராளமாகக் கொடுத்துப் பழகிய நம் கைகள், ஒரு தனி மாணவனின் பிரயாணத்துக்குக் கொடுக்கத் தயங்குகின்றன. கட்டடம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, அதன் முகப்பில் பெயரும் நிற்கிறது. மாணவனோ கடல் கடந்து போய்விடுகிறான். இந்தத் தயக்கத்தை விட்டொழித்து, முன்னோர் செய்த தருமத்தின் அடுத்த படியாக இதை நாம் ஏற்க வேண்டும் என்பதே நான் இன்று உங்களிடம் வற்புறுத்த விரும்புவது.

கொடுப்போரின் தயக்கம் ஒருபுறமிருக்க, கேட்போருக்கும் ஒரு தயக்கம் உண்டு. நம் பக்கத்துக் குடியானவர்களும் தொழிலாளிகளும் மானத்தைப் பெரிதாகக் கருதுபவர்கள். "பையனுக்குச் சீட்டுக் கெடச்சிருச்சுங்க, ஆனா ஒருத்தருகிட்டப் போயிக் கேக்கறதுக்கு நாக்குக் கூசுதுங்க" என்று தகப்பன்மார் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அது பிள்ளையின் எதிர்காலத்துக்குக் குறுக்கே நிற்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். திருவள்ளுவர் இரவச்சத்துக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அதற்கு முன்னாலேயே இரவுக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். கொடுக்கத் தக்கவரைக் கண்டால் கேட்கலாம் என்பதும், அவர் ஒளித்தால் பழி அவரைச் சாரும் என்பதும் அவருடைய கருத்து. உண்பதற்காகக் கேட்பதற்கே இவ்வளவு நியாயம் உண்டென்றால், கற்பதற்காகக் கேட்பதில் இழிவு எங்கிருந்து வரும்? படிப்புக்குப் பணம் கேட்பவன் தன் வருங்கால உழைப்பை ஈடாக வைத்துத்தான் கேட்கிறான்.

இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் வழிகாட்டியாக ஒருவருடைய சரித்திரத்தை நான் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1887 டிசம்பர் 22-இல் நம்முடைய ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தவர் ஸ்ரீநிவாச ராமானுஜன். அவர் வளர்ந்தது கும்பகோணத்தில். அவர் நாடியது கணிதத்தை. அதனால் தொழில்நுட்ப மாணவனுக்கு அவர் சரித்திரம் எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். துறை எதுவாயினும், திறமையும் வறுமையும் சேர்ந்த ஓர் இளைஞன் கடல் கடந்து கற்கப் போவதற்குப் பணம் எந்த வழியாக வந்தது, எங்கே தடைப்பட்டது, யாரால் தடை நீங்கியது என்பதை அவருடைய வரலாறு காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டுவதில்லை.

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்திருந்த உபகாரச் சம்பளம், கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாத காரணத்தால் நின்றுபோயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் பரீட்சையில் தேறவில்லை. பட்டமும் உத்தியோகமும் இல்லாத நிலையில், கணிதக் குறிப்புப் புத்தகங்களைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் ஒவ்வொருவராகச் சென்று பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயரைக் கண்டார். அவர் கொடுத்த அறிமுகத்தால் வேறு சிலரைக் கண்டார். இவ்வாறு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறி, முடிவில் நெல்லூர்க் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவிடம் வந்து சேர்ந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று ராவ் கேட்டபோது, ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு உயிர் வாழும் அளவு வருமானமே போதும் என்பதுதான் ராமானுஜனுடைய பதில். ராவ் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து வந்தார். ஆனால் ராமானுஜன் ஒருவருக்கே பாரமாக இருக்க மனமொப்பாமல், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

அங்கிருந்துதான் 1913 ஜனவரி 16 தேதியிட்டுக் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதினார். அதற்கு முன் அங்கே வேறு இரு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் அமைப்பை, உதவி நாடும் ஒவ்வொரு மாணவனும் மனத்தில் இருத்த வேண்டும். தாம் ஆண்டுக்கு இருபது பவுன் சம்பாதிக்கும் குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் என்பதையும் தொடக்கத்திலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். அவ்வளவோடு தம் கஷ்டத்தை நிறுத்திக்கொண்டு, மற்றப் பக்கங்களையெல்லாம் தாம் கண்ட தேற்றங்களால், சுமார் 120 தேற்றங்களால், நிரப்பிவிட்டார். வறுமைக்குச் சில வரிகள், திறமைக்குப் பல பக்கங்கள். ஹார்டியின் பதில் வந்ததும் எழுதிய அடுத்த கடிதத்தில், தம் மூளையைக் காப்பாற்ற முதலில் வயிற்றுக்கு உணவு வேண்டியிருக்கிறது என்பதையும், ஹார்டி அனுதாபத்தோடு ஒரு கடிதம் தந்தால் சென்னையில் உபகாரச் சம்பளம் பெற அது உதவும் என்பதையும் தெளிவாக எழுதினார். என்ன வேண்டும், யாரால் அது ஆகும், எதற்காக வேண்டும் என்ற மூன்றையும் குழப்பமின்றிச் சொல்லிக் கேட்டவருடைய மானம் அணுவளவும் குறையவில்லை.

கொடுத்தவர்கள் பக்கத்தையும் பாருங்கள். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுக்கப் பல்கலைக்கழக விதிகளில் இடமில்லை என்ற தடை எழுந்தது. வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் அவருடைய கணிதத்தைப் பார்த்துப் பரிந்துரைத்தார். விதிக்கு விலக்களித்து 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். மறு ஆண்டு, கேம்பிரிட்ஜிலிருந்து வந்த கணித அறிஞர் நெவில் முயன்று பேசியதன் பேரில், ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளமும், கப்பல் கட்டணத்துக்கும் உடைகளுக்கும் தனித் தொகையும் அனுமதிக்கப்பட்டன. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி 60 பவுன் சேர்த்தது. அந்த 250 பவுனில் 50 பவுன் கும்பகோணத்தில் இருந்த குடும்பத்தின் ஜீவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. 1914 மார்ச் 17 அன்று அவர் கப்பலேறினார். படிப்புச் செலவு, பிரயாணச் செலவு, வீட்டில் விட்டுப்போகும் பெற்றோரின் வயிற்றுப்பாடு என்ற மூன்றையும் அன்றே எண்ணிப் பார்த்துக் கொடுத்தார்கள். இன்று நம்முடைய உதவித் திட்டங்களில் பெரும்பாலானவை முதலாவதை மட்டுமே பார்க்கின்றன. சம்பாதிக்கும் வயது வந்த மூத்த பிள்ளை இரண்டு ஆண்டு வெளிநாடு போனால் தறி ஓட்டும் தகப்பனாருக்கு யார் துணை என்ற கேள்வியை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

சிறு தொகை தக்க தருணத்தில் வராமற்போவதால் பெரிய வாய்ப்புகள் நழுவக் கூடும் என்பதற்கு மேலும் இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். அப்துல் கலாம் அவர்கள் சென்னை எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய தமக்கையார் சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடமானம் வைத்துக் கொடுத்தார். அந்த எம்.ஐ.டி.யோ, சி. ராஜம் என்ற தொழிலதிபர் தம் சொந்த வீட்டை விற்று 1949-இல் நிறுவியது. ஒரு தனவந்தர் விற்ற வீடும் ஒரு சகோதரி அடகு வைத்த நகையும் ஒரே மாணவனிடம் வந்து சேர்ந்தன. இரண்டில் எது இல்லாதிருந்தாலும் காரியம் நடந்திராது. அடுத்ததாக, கூகுள் நிறுவனத்தின் தலைவரான சுந்தர் பிச்சை, தாம் 1993-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேரப் புறப்பட்டபோது விமானச் சீட்டுக்கு மட்டும் தம் தகப்பனாரின் ஓராண்டுச் சம்பளத்துக்குச் சமமான தொகை செலவாயிற்று என்று 2020-இல் மாணவர்களிடையே பேசுகையில் சொன்னார். தகப்பனார் பொறியாளராக உத்தியோகம் பார்த்த ஒரு குடும்பத்துக்கே விமானச் சீட்டு அவ்வளவு பாரமாயிற்று என்றால், பனியன் கம்பெனியில் டெய்லராக இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய மலை என்று நினைத்துப் பாருங்கள்.

இக்காலத்து நிலைமையைச் சிறிது கணக்கோடு காண்போம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. அதனால் ஏழை மாணவர்கள் அந்நாட்டை நாடுவது இயல்பு. ஆனால் விசா பெறுவதற்கு, ஓராண்டு ஜீவனத்துக்கான தொகையை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து இலட்சம் ரூபாய்க்கு மேல். இந்தத் தொகை மாணவனுக்கே மாதந்தோறும் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆயினும் முதல் நாள் அதைக் கட்டுவதற்கு வழி வேண்டுமே! அதற்கு முன்பே ஐ.இ.எல்.டி.எஸ்., ஜி.ஆர்.இ. போன்ற தேர்வுகள் ஒவ்வொன்றுக்கும் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பல மாணவர்கள் அந்தத் தேர்வு வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்; அவர்களுடைய பெயர் எந்தத் தர்ம ஸ்தாபனத்தின் விண்ணப்பப் பட்டியலிலும் ஏறுவதே இல்லை.

வங்கிக் கடன் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இந்திய வங்கிகள் பின்பற்றும் பொது விதிப்படி கடன் ஏழரை இலட்சத்துக்கு மேலே போனால் சொத்து அடமானம் வேண்டும். வெளிநாட்டுப் படிப்பானால் செலவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை மாணவனே போட வேண்டும். சொத்து என்றால், தாத்தா பெயரில் பட்டா, சித்தப்பா பெரியப்பா பங்கு பிரியாத கூட்டு நிலம், தெளிவாகாத வில்லங்கச் சான்று. நிலம் இருந்தும் அதைக் காட்டிக் கடன் வாங்க முடியாத குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். நிலமே இல்லாதவர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வட்டிக்காரரிடம் போகிறார்கள். விசாவுக்குக் காட்டுவதற்காகச் சில வாரங்களுக்குப் பணம் போட்டு எடுக்கும் இடைத்தரகரிடம் சிக்குகிறார்கள். அதனால் வரும் துன்பம் படிப்பையும் கெடுத்து, சில சமயம் நேர்மையையும் கெடுத்துவிடுகிறது.

அரசாங்கம் வாளாவிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் முதலியோருக்கும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு 125 பேருக்குக் கிடைக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலையும் ஆராய்ச்சியும் படிக்கத் தமிழக அரசு ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற இளைஞர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம், 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவையில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இவை யாவும் போற்றத் தக்கவை. ஆயினும் அரசாங்க உதவி விதிகளால் நடப்பது. விதிக்கு வெளியே நிற்கும் ராமானுஜன்களை அடையாளம் கண்டு கை தூக்கிவிடுவதும், விதியின்படி பணம் வந்து சேரும்வரை இடைக்காலத்தில் தாங்கிப் பிடிப்பதும் சமூகத்தின் கடமை.

சமூகம் இதை முன்பே செய்து காட்டியிருக்கிறது. வங்காளத்தில் ஜோகேந்திர சந்திர கோஷ் 1904-இல் ஒரு சங்கம் நிறுவி, பொதுமக்களிடம் சந்தா வசூலித்து, ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கைத்தொழில் கற்க இளைஞர்களை அனுப்பினார். அதற்கும் முன்னால், 1892-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா தம் பெயரால் ஒரு நிதியை ஏற்படுத்தினார். அதன் உதவி தானமாக இல்லாமல் கடனாக அமைந்தது. படித்து உயர்ந்தவர் திருப்பிச் செலுத்த, அதே பணம் அடுத்தவருக்குப் போயிற்று. தொடக்கத்தில் பார்ஸி சமூகத்தாருக்கென்று இருந்ததை விரைவிலேயே இந்தியர் அனைவருக்கும் திறந்துவிட்டார்கள். கேரளத்தில் கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்ற கே. ஆர். நாராயணன், அந்த டாட்டா உதவியால் 1945-இல் லண்டனுக்குப் படிக்கச் சென்று, பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக வீற்றிருந்தார்.

கோயமுத்தூரில் அத்தகைய ஒரு சுழல்நிதி வேண்டும். கீழ்பவானி வாய்க்காலின் கசிவுநீர் எப்படி வாய்க்காலுக்குத் தொலைவில் உள்ள கிணறுகளையும் ஊறச் செய்கிறதோ, அப்படி ஒருவனுக்குக் கொடுத்தது முகமறியாத இன்னொருவனுக்கும் பயன்பட வேண்டும். அந்த நிதிக்கு நான் சொல்லும் விதிகள் சில. முதலாவது, தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், விசா, விமானச் சீட்டு, முடக்கக் கணக்குத் தொகை, முதல் இரண்டு மாத வாடகை ஆகிய இவற்றையே அது முக்கியமாக ஏற்க வேண்டும். ஏனெனில் இவற்றை ஏற்போர் வேறு யாரும் இலர். இரண்டாவது, வட்டியில்லாத கடனாகக் கொடுக்க வேண்டும். உத்தியோகம் கிடைத்த பின் திரும்பச் செலுத்துவது மாணவனுக்கு மானத்தைத் தரும், நிதிக்கு ஆயுளைத் தரும். மூன்றாவது, தகுதியையும் தேவையையும் தவிரச் சாதி, சமயம், ஊர் எதையும் பார்க்கலாகாது. தத்தம் சமூகப் பிள்ளைகளுக்கென்று நிதி வைத்திருக்கும் சங்கத்தார், டாட்டா செய்ததைப் போலக் கதவை அகலத் திறந்துவிட வேண்டும். நான்காவது, மேடையில் ஆளுயரக் காசோலையைப் பிடிக்கச் சொல்லிப் பெற்றோரையும் பிள்ளையையும் புகைப்படம் எடுக்கும் வழக்கம் அறவே கூடாது. ராமச்சந்திர ராவ் மாதாமாதம் கொடுத்தபோது யாரையும் கூட்டி வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் சில வார்த்தைகள். கடன் வாங்குவதற்கு முன், கடனே வேண்டாத வழிகளைத் தேடுங்கள். அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்பவருக்கு, கற்பித்தல் உதவியாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ பணி தந்து கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப் படியும் கொடுப்பது பல பல்கலைக்கழகங்களில் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் தேர்ந்தவருக்கு மாதம் 1,400 யூரோ கிடைக்கிறது. பிரிட்டனின் காமன்வெல்த் உபகாரச் சம்பளம் விமானச் சீட்டையும் ஏற்கிறது. இவற்றை ஓராண்டுக்கு முன்பே விசாரித்து வையுங்கள். உதவி கேட்டு எழுதும்போது, குடும்பத்தின் கஷ்டத்தை உள்ளபடி சொல்லுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள். நீங்கள் செய்த புராஜெக்டையும், எழுதிய கட்டுரையையும், கற்க விரும்பும் பொருளையும் விரிவாகச் சொல்லுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு, கையில் இருப்பது எவ்வளவு, குறைவது எவ்வளவு என்ற கணக்கை ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். உதவியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உங்கள் படிப்பின் நிலையைத் தெரிவியுங்கள்.

இவ்வளவு செய்து அனுப்பினால் பிள்ளை திரும்பி வருவானா என்று பெரியவர்கள் கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் நியூகாசிலில் மின் பொறியியல் பயின்ற ஜி. ஆர். தாமோதரன் திரும்பி வந்து, 1951-இல் தொடங்கிய பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்து, கலைக்கதிர் என்ற இதழின் மூலம் விஞ்ஞானத்தைத் தமிழில் பரப்பினார். எல்லோரும் அவ்விதம் திரும்பிவிட மாட்டார்கள். சிலர் அங்கேயே தங்குவார்கள். தங்குகிறவரை நன்றியற்றவர் என்று பழிப்பதைவிட, தங்கினாலும் திரும்பினாலும் ஊருக்குச் செய்யும் வழியைத் திறந்து வைப்பதே விவேகம். சுழல்நிதி அந்த வழி.

இதற்கும் ராமானுஜனே சான்று. ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகவும் டிரினிட்டியின் ஃபெல்லோவாகவும் உயர்ந்து, ஆனால் நோயால் நலிந்து இங்கிலாந்தில் கிடந்த காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. 1919 ஜனவரியில் அதற்கு அவர் எழுதிய பதிலில், அத்தொகை தமக்குத் தேவைக்கு மிஞ்சியது என்றும், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்துத் தம் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணம் குறைக்கவும் புத்தகங்கள் வாங்கவும் செலவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். உடல் தேறாத நிலையிலும், தம் சிகிச்சைக்கு இன்னும் வேண்டும் என்று கேட்காமல், கட்டணம் கட்ட முடியாத சிறுவனை அவர் நினைத்தார். மாதம் 25 ரூபாய் வாங்கிய கை அது. உதவி பெற்றவன் மறந்துவிடுவான் என்று இனிச் சொல்வோர் இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியோர்களே! மாசி, பங்குனியில் வெளிநாட்டு அனுமதிக் கடிதங்கள் வரத் தொடங்குகின்றன; ஆவணி, புரட்டாசியில் அங்கே வகுப்புகள் ஆரம்பமாகின்றன. இடைப்பட்ட ஆறு மாதத்துக்குள் பணம் திரண்டால் மாணவன் விமானம் ஏறுவான். திரளாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும். ஆதலால் மாணவன் வந்து கதவைத் தட்டிய பின் யோசிக்கத் தொடங்குவது பயன் தராது; அவன் வருவதற்கு முன்பே நிதி இருக்க வேண்டும், யாரிடம் கேட்பது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மில்களும் பம்பு செட்டுத் தொழிலும் பின்னலாடையும் கொடுத்த செல்வம் இந்த மண்ணில் இருக்கிறது. தருமத்துக்கும் ஒரு பங்கு என்று 1926-இல் பீளமேட்டில் ஒரு குடும்பம் எண்ணியது. இவ்வாண்டு அதே எண்ணம் நம்மில் பத்துக் குடும்பங்களுக்கு வந்துவிட்டால், அடுத்த தைக்குள் இந்த நிதி எழுந்துவிடும். அதற்கான முதல் கூட்டத்தை இந்த மாதத்திலேயே கூட்ட வேண்டும் என்று உங்கள் அனைவரையும் வணக்கத்தோடு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.